ஒன்பது விநாடி

லாபிஸ் ரயில் நிலையத்துக்கு எதிர் வரிசையில்
பேரிங், பெல்ட், ஆயில் சீல் விற்கும் கடை.
அதில் எனக்கு ஒரு மேசை, ஆடும் நாற்காலி,
பதினோரு செம்பனை ஆலைகளின் நம்பர்கள்.
பத்துப் பேர் எடுப்பார்கள்.
திட்டுவதற்காவது எடுப்பார்கள்.
பதினோராவது என்சிக் ஸம்ரி.

பிப்ரவரியிலிருந்து கூப்பிடுகிறேன்.
திங்கள் காலை என்றால் மீட்டிங். செவ்வாய் ஆடிட்.
வெள்ளி மதியம் தொழுகைக்கு முன்னும் ஆகாது,
பின்னும் ஆகாது.
ஆலை கிராணி சியூ லிங்குக்கு என் குரல் மனப்பாடம்.
சாப்பிட்டாச்சா பூங்கோதை என்று மலாயில் தொடங்கி
அவர் இல்லை என்று அவளே முடிப்பாள்.
நடுவில் அவர் செருமுவது கேட்கும்.

முதலாளி லோ சொன்னார்: விலையைக் குறைத்து அனுப்பு.
அனுப்பினேன். இரண்டு நீலக் குறி.
ஹரி ராயாவுக்கு ஒரு டப்பா முறுக்கு அனுப்பினேன்.
கழுவித் துடைத்து
டப்பா மட்டும் திரும்பி வந்தது.

குறை சொல்ல எனக்கு வாயில்லை.
தண்ணீர் வடிகட்டி விற்கும் ஒரு பெண்
மாதம் இருமுறை என்னை அழைக்கிறாள்.
'எடுக்காதே' என்று அவளைச் சேமித்திருக்கிறேன்.
ஸம்ரியின் போனில் எனக்கு என்ன பெயரோ.

ஜூலையில் ஒருநாள் தவறிப்போய் எடுத்துவிட்டார்.
ஒன்பது விநாடி.
நாளைக்கு, நாளைக்கு, நான் கூப்பிடுகிறேன்.
அந்த நாளைக்குகளுக்குப் பின்னால்
ஆலை ஓடிக்கொண்டிருந்தது.
பாய்லரின் மூச்சு, குலை கொட்டும் லாரி,
அதற்கும் அடியில்
பல்லில் மணல் கடிபடுவதுபோல ஒன்று.

சாஆவில் ஓர் ஆலை ஸ்டோரில்
நான்கு வருஷம் சாமான் எண்ணியவள் நான்.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
அன்றிரவு துணி மெஷின் சுற்றும்போதும் அதுதான் கேட்டது.
விலை சொல்லாமல், சலாம் மட்டும் சொல்லி
குரல்பதிவு ஒன்று அனுப்பினேன்:
உங்கள் பிரஸ் ஒன்றில் பேரிங் அழுகிறது.
எது என்று தெரியவில்லை. இரண்டு வாரம் தாங்கும்.
எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்றில்லை.

கடைசி வரியை லோ கேட்டிருந்தால்
என் மேசை தெருவில் கிடந்திருக்கும்.

நீலக் குறி.
பத்தொன்பது நாளும் அதே நீலக் குறி.

இருபதாம் நாள் இரவு பதினொன்றே முக்காலுக்கு
போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புவரை வந்தது.
அவர் பெயர்.
நான் எடுக்கவில்லை.
வீம்பு இல்லை; தலை முழுக்கச் சாயம்,
கையில் பிளாஸ்டிக் உறை.
இரண்டாம் முறை. மூன்றாம் முறை.
ஆறு மாதமாய் நான் எண்ணியதை
இப்போது அவர் எண்ணுகிறார் என்று
ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, ரசித்தேன்.
நான்காவதை மூக்கால் தள்ளி எடுத்தேன்.
"ரெண்டு ரெண்டு ரெண்டு ஒண்ணு எட்டு," என்றார்,
"இருக்கா?"

கடையைத் திறந்தேன். பெட்டியை முன் சீட்டில் வைத்து
அதற்கு சீட் பெல்ட் போட்டேன்.
என் தலையில் துண்டு.
இருபுறமும் செம்பனை வரிசை, வளைவில் ஓர் ஆந்தை
வெளிச்சத்தைத் திட்டிக்கொண்டு எழுந்து போனது.

கேட்டில் நேப்பாளக் காவலாளி: யாரைப் பார்க்க?
பெயர் சொன்னேன். போன் போட்டான்.
மணி போயிற்று, போயிற்று, நின்றது.
எடுக்கவில்லை என்றான்.
தெரியும் என்றேன்.

உள்ளே ஆலை நின்றிருந்தது.
அத்தனை பெரிய ஒன்று
சத்தமில்லாமல் நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.
இருட்டிலிருந்து ஒரு டார்ச் ஓடி வந்தது.
குரலைவிடக் குள்ளமான மனிதர், முட்டிவரை கிரீஸ்.
பெட்டியை வாங்கி, குழந்தையை வாங்குவதுபோல் அணைத்து,
நெற்றியில் வழியும் என் சாயத்தைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

பில் என்றேன்.
நாளைக்கு, என்றார்,
நான் கூப்பிடுகிறேன்.